செல்லிப்பட்டுக்கு ஜீப்பில் போன கஸ்தூரி

வில்லியனூர் கடைத்தெருவில் ஜவுளிக்கடை சௌந்தரராஜனைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் எழுபதுகளின் நடுவில் அவருக்கு ஒரு குறை வந்து சேர்ந்தது. "எங்க அப்பா காலத்துக் கடை இது. இப்ப வர்றவனெல்லாம் 'டீச்சரம்மா வூட்டுக்காரர் கடை இதானா'ன்னு கேட்டுகினு உள்ள வர்றான்" என்று அலுத்துக்கொள்வார். அந்த அலுப்பில் பாதிக்கு மேல் பெருமை என்பது கேட்கிற எல்லாருக்கும் தெரியும்.

டீச்சரம்மா என்றால் அவர் மனைவி கஸ்தூரி. அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒரு நாள்கூடப் பாடம் நடத்தியதில்லை. குடை, கைப்பை, கைக்கடிகாரம் மூன்றும் சேர்ந்த ஒரு பெண் வரப்பில் நடந்து வந்தால் சுற்றுவட்டாரத்தில் அவள் டீச்சரம்மாதான். வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது? அவளுடைய உத்தியோகத்தின் பெயரைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. விளங்கிவிட்டால் அவளை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

புதுச்சேரி பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஊர் அதை மெண்டல் வார்டு என்றது. அங்கே மாத்திரை வாங்கிப் போனவர்கள் அதைச் சாப்பிடுகிறார்களா, தூங்குகிறார்களா, வீட்டார் அவர்களை மனுஷராக நடத்துகிறார்களா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பதுதான் கஸ்தூரியின் வேலை. அதற்கென்றே சென்னையில் படித்துவிட்டு வந்தவள் அவள். வில்லியனூர் தேர்த் திருவிழாவில் ஊரே தெருவில் நிற்கும்போது, தங்கள் தெருவின் ஒரு பணக்கார வீட்டுப் பின்கட்டில் பூட்டப்பட்டிருந்த ஒரு மருமகளின் முகத்தைச் சிறுமியாக இருந்தபோது சன்னல் கம்பிக்குப் பின்னால் அவள் பார்த்திருக்கிறாள். அந்தப் பெண்ணைப் பற்றி யாரைக் கேட்டாலும் பேச்சை மாற்றினார்கள். அந்தக் கோபம் கஸ்தூரிக்குக் கடைசிவரை ஆறவில்லை. அதை வேலையாக மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான்.

படிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அவளுடைய உண்மையான கெட்டிக்காரத்தனம் அப்பாவின் மளிகைக்கடையில் கிடைத்தது. கடைக்கு வருகிறவர்கள் வந்த காரியத்தை முதலில் சொல்வதே இல்லை என்பதை அவள் பாவாடை கட்டிய வயதிலேயே கவனித்திருந்தாள். தேங்காய் விலை கேட்பார்கள். பருப்பை அள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடுவார்கள். படியிறங்கப் போகும்போதுதான் மகளுக்கு நிச்சயமாகியிருக்கிறது, கல்யாணச் சாமான் கட்ட வேண்டும் என்பார்கள். குடும்பங்களும் அப்படித்தான் என்று கஸ்தூரி முடிவு கட்டியிருந்தாள். எந்த வீட்டுக்குப் போனாலும் நோயாளியைப் பற்றி அவள் கேட்க மாட்டாள். மாடு பால் கறக்கிறதா, கரும்புக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்துவிட்டதா என்று பேசிக்கொண்டிருப்பாள். பிறகு குடையைக் கையில் எடுப்பாள். அவள் குடையை எடுத்தால்தான் வீட்டார் வாய் திறப்பார்கள். ஒரே வீட்டில் இரண்டு மூன்று முறை குடையை எடுத்து எடுத்து வைத்த நாட்களும் உண்டு.

பண்டசோழநல்லூர் வசந்தாவைக் கண்டுபிடித்ததும் அந்தக் குடைதான். அதே தெருவில் வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடும் ஒரு பையனைப் பார்க்கப் போனவளை, அடுத்த வீட்டுக் கலியம்மாள் வந்து வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கஸ்தூரி அவள் வீட்டுக்கும் போய் உட்கார்ந்தாள். கலியம்மாள் நெல் விலை பேசினாள், மழை பேசினாள். கஸ்தூரி குடையை எடுத்தாள்.

"டீச்சரம்மா, எம் பொண்ணு புள்ள பெத்து வூட்ல இருக்குறா. தூங்கியே நாளாவுது" என்றாள் கலியம்மாள். சொல்லி முடிப்பதற்குள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

வசந்தா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். பெண் குழந்தை. பிறந்து பத்துப் பதினைந்து நாளில் அவளுக்குத் தூக்கம் போனது, பிறகு சாப்பாடு போனது, பிறகு பேச்சு வேறு எங்கோ போனது. யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி வேலியோரம் நின்று தனியாகப் பேசினாள். தகப்பன் கண்ணையன் கோயிலுக்குக் கூட்டிப்போனார், மந்திரித்தார், எலுமிச்சம்பழம் அறுத்தார். நடுவில் ஒரு நாள் செல்லிப்பட்டிலிருந்து பேத்தியைப் பார்க்க வந்த மாமியார் தையலம்மாள், குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு போனவள் போனவள்தான்.

கஸ்தூரி சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வைகாசியில் சேர்ந்தவள் ஆவணியில் பழைய வசந்தாவாகியிருந்தாள். கோலம் போட்டாள், அப்பனுக்குக் கூழ் கரைத்துக்கொண்டு வயலுக்குப் போனாள், கஸ்தூரி அக்காவைக் கிண்டல் செய்தாள். பிள்ளை பெற்ற உடம்பில் இப்படி ஒரு நோய் வருவது உண்டு, பார்த்தால் தீரும் என்று டாக்டர் சொன்னபடியே தீர்ந்தது. நோய் தீர்ந்தது, குடும்பம் திரும்பி வரவில்லை.

அங்கேதான் முடிச்சு விழுந்தது. தாய்வீட்டில் பிள்ளை பெற்றவளைப் புருஷன் வீட்டார் வந்து, தலையில் பூ வைத்து, அழைத்துக்கொண்டு போக வேண்டும். அழைக்காமல் அவளே மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால், அந்த வீட்டில் அவளுக்குச் சாகும்வரை மரியாதை இராது. தையலம்மாள் அழைக்க வருவதாக இல்லை. நோயை மறைத்துவிட்டார்கள், அவர்களே வந்து கேட்கட்டும் என்றாள். பெண்ணைப் பெற்றவன் போய்ப் படியேறுவதா என்றார் கண்ணையன். இரண்டு பக்கமும் நகரவில்லை. இதற்கிடையில் நாகராஜனுக்குத் திருக்கனூரில் இரண்டாவது பெண் பார்த்தாகிவிட்டது, கார்த்திகையில் கல்யாணம் என்று காற்றுவாக்கில் செய்தி வந்தது. நாகராஜன் வசந்தாவின் புருஷன், ஒற்றைப் பிள்ளை. அந்தக் கல்யாணம் நடந்தால் வசந்தாவுக்குப் புருஷனும் இல்லை, பெற்ற பிள்ளையும் இல்லை.

சட்டம் பேசியிருக்கலாம். பேசினால் இரண்டாம் தாரம் வராது. ஆனால் போலீஸைக் காட்டித் திறந்த வீட்டுக்குள் வசந்தா எப்படிப் போய் உலை வைப்பாள்? கஸ்தூரி வேறு வழி யோசித்தாள். அவளுக்குத் தன் மேல் எப்போதும் கொஞ்சம் நம்பிக்கை ஜாஸ்தி. அதுதான் அவளை ஜீப்பில் ஏற்றியது.

"பஸ்ஸிலயே போயேன்" என்றார் சௌந்தரராஜன்.

"பஸ்ஸில போனா டீச்சரம்மா. ஜீப்பில போய் இறங்கினா ஆபீசர். அந்த மாமியாரம்மா எழுந்து நிப்பாங்க பாருங்க."

மனநலப் பிரிவுக்கென்று தனி வண்டி கிடையாது. எங்கோ கேட்டு, யாரையோ பிடித்து, ஒரு ஜீப்பை இரவல் வாங்கினாள். ஓட்டுநர் மாரிமுத்து வண்டியைத் துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டு பக்கமும் சிவப்பு முக்கோணம் போட்டிருந்தது. தினமும் பார்க்கிற படம்தானே என்று கஸ்தூரி அதைக் கவனிக்கவே இல்லை. வருஷமோ எழுபத்தாறு. எமர்ஜென்சி. சிவப்பு முக்கோணம் போட்ட ஜீப் ஊருக்குள் வந்தால் ஆம்பளைகளைப் பிடித்துக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிடுவார்கள் என்று கிராமம் கிராமமாகப் பேச்சு பரவியிருந்த காலம். கஸ்தூரிக்கு இது தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். தான் போவது ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க இல்லை என்றும் அவளுக்குத் தெரியும். செல்லிப்பட்டுக்குத் தெரிய வேண்டுமே!

புரட்டாசி மாசம். கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. ஜீப் ஆற்றுப்பக்கத்துச் சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பியதும் யாரோ ஒருவன் ஒரு குரல் கொடுத்தான். அவ்வளவுதான். டீக்கடை பெஞ்சில் ஆள் இல்லை, கிளாஸில் டீ மட்டும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. சாலை நடுவில் ஒரு சைக்கிள் படுத்துக் கிடந்து பின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. புளியமரத்தடியில் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவர் பாதிக் கன்னத்துச் சோப்போடு வாய்க்காலைத் தாண்டினார். பின்னாலேயே கத்தியைக் கையில் பிடித்தபடி சவரம் செய்தவரும் தாண்டினார். கரும்புக்கொல்லை சலசலவென்று அசைந்து, பிறகு நின்றது. ஊரில் மிச்சம் இருந்தது பெண்களும் மாடுகளும்தான்.

"இன்னாம்மா இது, நம்மள பாத்தா ஓடுறானுங்க?" என்றார் மாரிமுத்து. அப்போதுதான் கஸ்தூரி இறங்கி ஜீப்பின் பக்கவாட்டைப் பார்த்தாள்.

தையலம்மாள் தன் வீட்டு வாசலில் எழுந்துதான் நின்றாள். இடுப்பில் குழந்தை, கையில் துடைப்பம்.

"இந்த வூட்ல ஆம்பள யாரும் இல்ல. எம் புள்ள ஊருக்குப் பூட்டான். எம் புருஷன் செத்து வருஷமாவுது. வேணும்னா கொல்லையில தோண்டி எடுத்து அவருக்கு ஆபரேஷன் பண்ணிக்க!"

"பெரிம்மா, நான் அதுக்கு வரல. வசந்தா விஷயமா..."

சொல்லியிருக்கவே கூடாது. ஆபரேஷனுக்கு வந்திருந்தால்கூட அவள் அவ்வளவு கத்தியிருக்க மாட்டாள். பொண்ணு பைத்தியம் என்று தெரிந்தே கட்டிவைத்தார்கள் என்றாள். ஆஸ்பத்திரி, டாக்டர், டீச்சரம்மா எல்லாரும் ஒரே கூட்டு என்றாள். கஸ்தூரி பதில் பேசவில்லை. கத்துகிறவர்களை முழுசாகக் கத்த விடுவது அவள் வழக்கம். துடைப்பம் தானாகக் கீழே விழுந்த பிறகு தையலம்மாளின் குரலும் இறங்கியது.

"நான் போன அன்னிக்கு இன்னா பாத்தேன் தெரியுமா? கிணத்துச் செவுத்து மேல பச்சப்புள்ள. சொம்மா வச்சிட்டு அவ பாட்டுக்கு வேலி கிட்ட நின்னு பேசிகினு இருக்குறா. காலை ஒதைச்சிகினு கிடந்துது இது. இன்னும் ஒருதபா ஒதைச்சிருந்தா..." குழந்தை அவள் முந்தானை முனையைச் சப்பிக்கொண்டு கஸ்தூரியைப் பார்த்தது. பாலாடையால் ஊட்டி ஊட்டி வளர்த்த கன்னம், கொழுகொழுவென்று இருந்தது.

எத்தனை முறை குடையை எடுத்தும் கலியம்மாள் வாயிலிருந்து இந்தக் கிணறு வெளியே வரவில்லை. இத்தனை நாள் கஸ்தூரி தையலம்மாளை ஒரு கொடுமைக்கார மாமியார் என்றே நினைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். பயந்துபோன ஒரு பொம்பளை அவள் என்பது இப்போதுதான் தெரிந்தது. கஸ்தூரி கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

மறுநாள் பஸ் பிடித்துப் பண்டசோழநல்லூர் போனாள். வசந்தா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். கஸ்தூரி நெல், மழை எதுவும் பேசாமல் கிணற்றைப் பற்றி நேராகக் கேட்டாள்.

"ஞாபகம் இருக்குதுக்கா" என்றாள் வசந்தா. தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தே சொன்னாள். "அதான் புள்ள வேணும்னு கேக்க எனக்கு வாய் வரல. அம்மா சொல்லாதன்னாங்க."

கஸ்தூரி அவளைக் கட்டிக்கொண்டாள். வேலை பார்க்கும் இடத்தில் அப்படிச் செய்யக்கூடாது என்று சென்னையில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் அந்தத் தொட்டியடியில் நிற்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்துக் கண்ணையன் மதகடிப்பட்டுச் சந்தையிலிருந்து சிரித்துக்கொண்டே திரும்பினார். திருக்கனூர்க்காரர்கள் பின்வாங்கிவிட்டார்களாம். செல்லிப்பட்டுக்கு ஜீப் வந்ததாம், நாகராஜனைப் பிடித்துப்போய் ஆபரேஷன் செய்துவிட்டார்களாம், இனிமேல் பிள்ளை பிறக்காதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று சந்தை முழுக்க இதுதான் பேச்சாம்.

அங்கிருந்த கஸ்தூரி முதலில் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் அவளுக்குக் கோபம் வந்தது.

"டீச்சரம்மா, நீ வாயே தொறக்காத" என்று கலியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெய்வமா பாத்து பண்ணது. இனிமே வேற வழி இல்லாம வந்து அழைப்பாங்க."

"வேற வழி இல்லாம அழைச்சிகினு போன வூட்ல உங்க பொண்ணு எத்தன நாள் தூங்குவா?" என்று கஸ்தூரி கேட்டாள். "நாளைக்கு உண்மை தெரியும். தெரிஞ்ச அன்னிக்கு மறுபடியும் பொண்ணு பாப்பாங்க. அதோட என் வண்டி போனதால ஒருத்தருக்கு ஆபரேஷன் ஆச்சுன்னு பேர் வந்தா, அப்பால எந்த வூட்ல என்னை உள்ள விடுவாங்க?"

வீட்டில் சௌந்தரராஜனும் அதையேதான் சொன்னார். காரியம் தானாகக் கூடி வருகிறது, நீ எதற்கு நடுவில் போகிறாய் என்றார். கஸ்தூரி ராத்திரிச் சோற்றைப் போட்டுவிட்டு, நாளைக்குக் காலையில் செல்லிப்பட்டு போகிறேன் என்று மட்டும் சொன்னாள். அவர் காலையில் அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத்தான் கடையைத் திறந்தார்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஆற்றங்கரையோரமாக நடந்தாள். டீக்கடையில் இருந்தவர்கள் அவள் பின்னால் வண்டி ஏதும் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். தையலம்மாள் அவளைப் பார்த்ததும் குழந்தையை உள்ளே விட்டுவிட்டு வந்தாள்.

"எம் புள்ள மானத்த வாங்கிட்டல்ல? நீ வந்த வண்டியால ஊரே சிரிக்குது. கல்யாணம் நின்னுபோச்சு. திருப்தியா?"

"தப்பு என்னுதுதான் பெரிம்மா" என்றாள் கஸ்தூரி. "அந்த ஜீப்பில நான் வந்திருக்கக்கூடாது. நானே திருக்கனூர் வர்றேன். உங்க புள்ளைக்கு ஒன்னும் ஆவல, சொன்னதெல்லாம் பொய்னு அவங்க கிட்ட என் வாயால சொல்றேன். அப்பால நீங்க அந்தப் பொண்ணையே எடுக்கணும்னா உங்க இஷ்டம். வசந்தாவுக்காக நான் பேசுறது தனி. பொய்ய வச்சி பேச மாட்டேன்."

தையலம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு ஆயத்தமாக நின்றவள், சண்டை வராததால் என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையைச் சரிசெய்தாள். மாட்டுக்கொட்டகையில் கரும்புத் தோகையை நறுக்கிக்கொண்டிருந்த நாகராஜன் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வந்தான்.

"நீங்க போவ வேணாம் டீச்சரம்மா."

"ஏன்?"

"அந்தப் பொண்ணோட அண்ணன் இங்க வந்தான். ஆபரேஷன் ஆயிடுச்சாமேன்னு எங்கிட்டயே கேட்டான். நான்தான் ஆமான்னு சொன்னேன்."



"இன்னாடா சொல்ற?" தையலம்மாள் மகனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஆம்பளையாடா நீ? இப்படி ஒரு பேரை யாராவது தானா வாங்கிக்குவானா? தெருவுல போனா பசங்க கூட சிரிக்கிறானுங்களேடா!"

"சிரிக்கட்டும்மா."

கஸ்தூரிக்கு அவனைக் கும்பிடுவதா அறைவதா என்று தெரியவில்லை. அந்தக் காலத்துக் கிராமத்தில் ஓர் இளந்தாரி அப்படி ஒரு பட்டத்தைச் சுமப்பது சின்ன விஷயமில்லை. ஆனாலும் அவள் அவனை விடவில்லை.

"ஊரெல்லாம் சிரிச்சாலும் பரவால்லன்னு ஒரு பொய்ய தூக்கிகினு நிக்கிற தைரியம் இருக்குது. உங்க அம்மா எதிர நின்னு எனக்கு வசந்தாதான் வேணும்னு சொல்ற தைரியம் இல்லையாப்பா உனக்கு?"

நாகராஜன் தலையைக் குனிந்துகொண்டான். "அம்மா புள்ளைய தூக்கினு வந்த அன்னிக்கு வழியெல்லாம் அழுதுகினே வந்தாங்க. அப்பால பல நாள் தூங்கல. அவங்க பயப்படுறது பொய் இல்லையே டீச்சரம்மா. அவங்கள இன்னான்னு எதுத்துப் பேசுவேன்? வசந்தாவ பாக்க அவங்க ஊரு ஏரிக்கரை வரைக்கும் எத்தினியோ தபா போனேன். அழைக்காம கொள்ளாம தனியா போயி அவங்க அப்பா முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு திரும்பிட்டேன்."

தையலம்மாள் மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரே சிரித்தபோது அவளுக்கு வராத அழுகை இப்போது வந்தது. உள்ளே குழந்தை சிணுங்கியது. போய்த் தூக்கிக்கொண்டு வந்தாள். கஸ்தூரி குடையை எடுத்தாள். இந்த முறை தந்திரம் ஏதுமில்லை, நிஜமாகவே கிளம்பத்தான் எடுத்தாள்.

"டீச்சரம்மா" என்றாள் தையலம்மாள். "அவளுக்கு முழுசா குணமாயிடுச்சா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த நிமிஷம் அந்த வீடு அந்த வார்த்தைக்காகத்தான் ஏங்கிக்கொண்டிருந்தது. கஸ்தூரி குடையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப நல்லா இருக்கா. ராத்திரி தூங்குறா, சாப்பிடுறா, எல்லா வேலையும் செய்யிறா. மாத்திரை இன்னும் கொஞ்ச நாளைக்குச் சாப்பிடணும். இன்னொரு புள்ள பொறந்தா மறுபடி வந்தாலும் வரும். வராமலும் போவும். வந்தா மொதல்ல தூக்கம்தான் போவும். அதை முதல்ல பாக்கப்போறது நான் இல்ல, டாக்டரும் இல்ல. ஒரே வூட்ல இருக்கிற நீங்கதான். பாத்த உடனே ஆஸ்பத்திரிக்கு இட்டாந்தா, போன தபா மாதிரி ஆவ விடமாட்டோம். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதுக்கு மேல சொன்னா அது பொய்."

தையலம்மாள் எழுந்து உள்ளே போனாள். ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்தாள். கஸ்தூரி குடித்துவிட்டுப் புறப்பட்டாள். காரியம் கூடும் என்று அவளுக்குத் தோன்றியது. அவளுக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும், ஆனால் இந்த முறை ஜீப் ஏறிய நாளில் இருந்த மிதப்பு அதில் இல்லை.

ஐப்பசி மழையில் ஆறு கரைபுரண்டு ஓடியது. யாரும் வரவில்லை. கார்த்திகை பிறந்து வளர்பிறையில் ஒரு நாள் காலையில், செல்லிப்பட்டு மாட்டுவண்டி பண்டசோழநல்லூரில் கண்ணையன் வீட்டு வாசலில் வந்து நின்றது. முன்னாலேயே சொல்லியனுப்பியிருந்தார்கள். டீச்சரம்மா கட்டாயம் இருக்க வேண்டும் என்று கண்ணையன் வில்லியனூருக்கு ஆள்விட்டதால் கஸ்தூரியும் வந்திருந்தாள். தட்டில் பூ, வளையல், வெற்றிலை பாக்கு, ஒரு சேலை. சேலை எந்தக் கடையில் வாங்கியது என்று சொல்ல வேண்டியதில்லை. விலையில் சலுகை ஒன்றும் கிடைக்கவில்லை என்று நாகராஜன் பிற்பாடு சொன்னான்.

எல்லாம் முறைப்படி நடந்தது. தையலம்மாள் மருமகளுக்குப் பூ வைத்தாள், வளையல் போட்டாள். குழந்தையை மட்டும் இடுப்பை விட்டு இறக்கவில்லை. பூ வைத்ததும் ஒரு கையால்தான். பாயில் உட்கார்ந்த பிறகும் குழந்தையைத் தன் மடியிலேயே இறுக்கிப் பிடித்திருந்தாள். எட்டிப்பிடிக்கிற தூரத்தில் வசந்தா உட்கார்ந்திருந்தாள். தன் குழந்தைக்குப் பல் முளைத்திருப்பதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

கூடியிருந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். குடு, பெத்தவ கிட்ட குடு என்றார்கள். கலியம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"எம் பொண்ணு தங்கமா ஆயிட்டா சம்பந்தி. முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவல. எள்ளளவும் பயமில்ல. தைரியமா குடு."

தையலம்மாளின் பிடி இன்னும் இறுகியது. கஸ்தூரி அதைக் கவனித்தாள். ஏதாவது சொல்லலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வசந்தா பேசினாள்.

"எனக்குப் பயமா இருக்குது அத்தை."

கலியம்மாள் மகளின் வாயைப் பொத்தப்போனாள். வசந்தா அந்தக் கையை விலக்கினாள்.

"கிணத்து மேல வச்சது எனக்கு ஞாபகம் இருக்குது. ஏன் வச்சேன்னு எனக்கே தெரியல. புள்ளைய எங்கிட்ட குடுத்துட்டு நீங்க எழுந்து போயிடாதீங்க அத்தை. நான் போதும்னு சொல்ற வரைக்கும் பக்கத்துலயே இருங்க."

போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் கஸ்தூரி நினைத்தாள். நம்பிக்கைக்குப் பேர்போன கஸ்தூரியே அப்படி நினைத்தாள். கண்ணையன் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

தையலம்மாள் மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த வீட்டுக்குள் வந்ததிலிருந்து அவள் முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தாள்.

"அல்லாரும் எங்கிட்ட பயமில்ல பயமில்லன்னே சொன்னாங்க" என்றாள். "எனக்கு அதான்டி பயமா இருந்துது. இந்தா, மடிய நல்லா விரிச்சி குந்து."

குழந்தையைத் தூக்கி வசந்தாவின் மடியில் வைத்தாள். அதற்கு அம்மாவைத் தெரியவில்லை. வீரிட்டு அழுதபடி தையலம்மாள் பக்கம் இரண்டு கையையும் நீட்டியது. வசந்தா பிடியைத் தளர்த்தினாள். தையலம்மாள் குழந்தையைத் திரும்ப வாங்கவில்லை. பாயில் நகர்ந்து வந்து, மருமகளின் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தாள்.

"ஆயா எங்கியும் போவல, இங்கதான் இருக்கேன்" என்று குழந்தையிடம் சொன்னாள். அழுதுகொண்டே தலையாட்டியது வசந்தாதான்.